முதல் குவளை

புளிக்காரர் முதல் குவளையைத் தானே குடித்துவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவார். இருபத்தாறு வருஷமாக இதுதான் நடைமுறை. ஞாயிறு கிடையாது, மழை கிடையாது, சளி காய்ச்சல் கிடையாது. காலை ஆறே முக்காலுக்குப் பஸ் நிலையத்தின் மேற்கு வாசலில், தையல் கடைக்கு நேர் எதிரே, தள்ளுவண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். எவர்சில்வர் பானையின் மூடியைத் திறந்து அடியிலிருந்து மேலாக மூன்று தடவை கலக்குவார். ஒரு குவளை மொண்டு, நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, ஒரே மூச்சில் குடிப்பார். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் தலையை ஓர் உலுக்கு உலுக்கி, "நிக்குது" என்பார். புளிப்பு நாக்கில் நிற்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கையை நீட்டலாம்.

இந்த வழக்கம் சும்மா வரவில்லை. வண்டி போட்ட புதிதில், பக்கத்தில் சோடா விற்றவன் ஒருவன், "அது பழமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தறான்" என்று கிளப்பிவிட்டான். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், என்ன செய்ய? ஆனைப்புளி மரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயரில்தான் புளி, சமையலறைப் புளிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். பழம் சின்னத் தேங்காய் அளவில், தொட்டால் பூனைக்காது மாதிரி மெத்தென்று தொங்கும். உடைத்தால் உள்ளே சாறு ஒரு சொட்டு இருக்காது. மரத்திலேயே காய்ந்து வெள்ளை வெளேரென்று கட்டி கட்டியாக, நடுவில் விதை வைத்துக்கொண்டு கிடக்கும். இடித்துச் சலித்தால் தூள், தண்ணீரில் போட்டால் பால் நிறம், வாயில் வைத்தால் காது வரைக்கும் புளிப்பு. இந்த வெள்ளையைப் பார்த்துச் சுண்ணாம்பு என்று ஒருவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்?

அன்றைக்குப் புளிக்காரர் சண்டைக்குப் போகவில்லை. எல்லோர் முன்னாலும் ஒரு குவளையைக் குடித்துக் காட்டினார். மறுநாளும் குடித்தார். சோடாக்காரன் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகும் குடித்தார். அவர் குடிக்காமல் யாரும் குடிப்பதில்லை என்று ஆகிவிட்டது.

குடித்து முடித்தால் வாய் திறக்கும். திறந்தால் மூடாது. எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தைவிட இதில் பல மடங்கு சி சத்து என்பார். பாலைவிடச் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஆகவே அந்தச் சோடாக்காரன் சொன்னதில் பாதி உண்மை என்பார். நார்ச்சத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தணித்து, மூன்று நாளாக முகம் வாடியிருக்கும் கண்டக்டரின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பச்சைத் தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும், அடுப்பில் ஏற்றினால் சத்து ஓடிவிடும் என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அந்தக் காலத்தில் இதுதான் கொடுத்தார்கள், இளம் இலையைக் கீரையாகத் தின்றார்கள், விதையை வறுத்துக் காப்பிக்குப் பதிலாகக் குடித்தார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். வண்டியின் மேல்துணியைக் கட்டியிருந்தது அந்த மரப்பட்டையின் நாரில் திரித்த கயிறு. கையிலிருந்த அகப்பை அந்தப் பழத்தின் ஓடு. அவரிடம் ஆனைப்புளியில் இருந்து வராதது சட்டையும் செருப்பும்தான் என்று பஸ் நிலைய டைம்கீப்பர் கிண்டல் செய்வார்.

இவ்வளவு பேசுகிற வாய்க்கு வீட்டில் வேலையே கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை. அதில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஊற வைக்கிற பானை, சல்லடை. தம்பியையும் தங்கையையும் ஆளாக்கி அனுப்பியவர். இரண்டு பேரும் கடல் கடந்து போனார்கள். முதலில் வாரம் ஒரு போன் வந்தது, பிறகு மாதம் ஒன்று, பிறகு அவர்கள் எண் மாறியது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "வண்டியைத்தான் கட்டிக்கிட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை ஆறே முக்கால் வரை அவர் குரலை அவரே கேட்க மாட்டார். அது அவருக்குப் பழகிவிட்டது என்று சொன்னால் பொய். பழகவேயில்லை.

கால் வீங்க ஆரம்பித்தபோது நின்று நின்று வந்தது என்றுதான் நினைத்தார். முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கின மாத்திரைகளை வருஷக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்தார். செருப்பு வாரைக்கூடப் போடமுடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே முதல் சங்கடம் டாக்டரால் வரவில்லை, ஒரு காகிதத்தால் வந்தது. நோயாளியின் பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டார். அடுத்தது: உடன் இருப்பவர், உறவு, போன் எண். அதை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். கவுண்டரில் இருந்த பெண் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கட்டம் நிரம்பாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாதாம். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒருத்தர் இருமிக் காட்டினார். புளிக்காரர் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்களை மனதுக்குள் தேடிப் பார்த்தார். உறவு என்ற இடத்தில் "அண்ணன்" என்று எழுதினார். எண் என்ற இடத்தில் தன் எண்ணையே எழுதினார். நோயாளியின் எண் என்ற இடத்தில் "போன் இல்லை" என்று எழுதினார். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ரத்த அழுத்தம் பல வருஷமாகக் கவனிக்கப்படாமல் இருந்திருக்கிறது, வலி மாத்திரைகள் மிச்சத்தைச் செய்திருக்கின்றன, இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் போய்விட்டன என்றார். இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் பல வருஷம் ஓட்டலாம். வாயைக் கட்டினால்தான் அது நடக்கும். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்ல ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் ஓர் அச்சிட்ட பட்டியலை விரல் வைத்து வாசித்தாள். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தக்காளி, ஆரஞ்சு, உருளைக்கிழங்கு எல்லாம் கூடாது. பட்டியலில் இல்லாத ஒன்றை அவராகவே கேட்டார். அவளுக்கு ஆனைப்புளி என்றால் என்னவென்று தெரியவில்லை. கம்ப்யூட்டரில் தேடினாள். படித்துக்கொண்டே போனவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, இதுல வாழைப்பழத்தைவிடப் பல மடங்கு பொட்டாசியம் இருக்கு."

அவருக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? பெருமை. "நான் சொன்னா எவன்மா நம்பறான்?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, மத்தவங்களுக்கு அது நல்லது. உங்க கிட்னியால அதை வெளிய தள்ள முடியாது. ரத்தத்துல ஏறிக்கிட்டே போனா நெஞ்சு நின்னுடும். ஒரு வாய்கூடக் கூடாது."

காலையில் ஒரே ஒரு குவளை மட்டும், என்று பேரம் பேசிப் பார்த்தார். அவள் மசியவில்லை. வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவரையும் அடுத்த தடவை அழைத்து வரச் சொன்னாள், இரண்டு பேர் காதில் விழுந்தால்தான் பத்தியம் நிலைக்கும் என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வழியெல்லாம் ஒரே யோசனை. நாளைக்குக் காலையில் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "இருபத்தாறு வருஷம் குடிச்சாரு, கிட்னி போச்சு" என்பார்கள். மாத்திரை, ரத்த அழுத்தம் எல்லாம் யார் காதிலும் ஏறாது. சுண்ணாம்பு என்ற பேச்சைத் துடைக்க ஒரு குவளை போதுமாக இருந்தது. இதைத் துடைக்க என்ன இருக்கிறது? ஒருவரும் வண்டிப் பக்கம் வரமாட்டார்கள். வியாபாரம் போனால் போகட்டும், ஒரு வயிறுதானே. ஆனால் வண்டி போனால் அவருக்கு மனுஷ முகமே கிடையாது. அந்த அறைதான். இதுதான் அவர் பயம். சாவைப் பற்றிக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக ஏமாற்று வேலையில் இறங்கினார். சோள மாவைக் கரைத்துத் தண்ணீராக்கி ஒரு குடுவையில் ஊற்றி, வண்டிக்குள் பானைக்குப் பின்னால் வைத்தார். காலையில் முதுகைக் காட்டிக் குனிந்து அதிலிருந்து ஒரு குவளை நிரப்பினார். எல்லோரும் பார்க்கக் குடித்தார். கண்ணை மூடினார், தலையை உலுக்கினார், "நிக்குது" என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவருக்குத்தான் தொண்டையில் மாவு ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை.

அடுத்த தொல்லை அவர் எதிர்பாராதது. பழம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மரத்துப் பழம் சுள்ளென்று இருக்கும், இன்னொன்று மந்தமாக இருக்கும். எவ்வளவு தூள், எவ்வளவு தண்ணீர், சர்க்கரை எத்தனை கை என்று ஒவ்வொரு நாளும் நாக்குதான் சொல்லும். இப்போது நாக்கு வேலைக்கு வரவில்லை. கையளவில் போட்டார். ஒருநாள் பல் கூசிப்போய் டிரைவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் வெறும் தண்ணீர். "அண்ணே, இன்னைக்குப் புளிக்கு லீவா?" என்று டைம்கீப்பர் கேட்டார். எதிர்க்கடைத் தையல்காரம்மா ஒன்றும் சொல்லாமல் பாதிக் குவளையை வைத்துவிட்டுப் போனாள். அவள் வாயாடி. பதினொரு வருஷத்தில் குறை சொல்லாமல் அவள் ஒரு குவளையையும் வைத்ததில்லை. அவள் பேசாமல் போனதுதான் அவரை உறுத்தியது.

ஊற வைத்த பானையில் விரலை நனைத்து நாக்கில் தொட்டுத் துப்பிவிடலாமே என்று தோன்றியது. துப்பினால் உள்ளே போகாதே, அதில் என்ன தப்பு? மறுநாள் விடிகாலை தொட்டார். துப்பத்தான் நினைத்தார். எட்டு நாளாக மாவுத் தண்ணீர் குடித்த நாக்கு கேட்கவில்லை. இன்னொரு விரல். பிறகு அரை அகப்பை. அடுத்த நாளும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த நாள் ஒரு குவளையே உள்ளே போய்விட்டது. குடித்து முடித்து, காலி அறையில் யாரும் கேட்காமல், "நிக்குது" என்றார். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்த மறுநாள், வண்டியில் கூட்டம் குறைந்திருந்த பத்து மணி வாக்கில் போன் அடித்தது. தையல்காரம்மா மட்டும் அப்போது அங்கே குவளையோடு நின்றிருந்தாள்.

போனில் ஆஸ்பத்திரி நர்ஸ். நோயாளியின் அண்ணன்தானா என்று கேட்டாள். புளிக்காரர் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, ஆமாம், அண்ணன்தான் என்றார். பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது, அவரை உடனே அழைத்து வர வேண்டும், பயமுறுத்தாமல் பக்குவமாகச் சொல்லிக் கூட்டி வாருங்கள் என்றாள் அவள். வீட்டில் ஒருத்தர் இருந்தும் பத்தியம் பார்க்க மாட்டீர்களா என்று நாலு வார்த்தை திட்டவும் செய்தாள்.

"தப்புதாம்மா," என்றார் புளிக்காரர். "அவன் சொன்னா கேக்கறதில்ல. தனியாவே இருந்து பழகிட்டான். நான் எடுத்துச் சொல்றேன். நாளைக்குக் கூட்டிட்டு வந்துடறேன்."

நாளைக்கு இல்லை, இன்றைக்கே, என்று நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். தையல்காரம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அண்ணன் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அவர்தான் வீட்டில் மூத்தவர் என்பதை ஆயிரம் தடவை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறாள். என்னவோ கேட்க வந்தாள். அதற்குள் கடையில் யாரோ கால்சட்டையோடு காத்திருக்க, போய்விட்டாள்.

மறுநாள் குட்டு வெளிப்பட்டது. ஏழாம் நம்பர் பஸ் டிரைவருக்கு அன்று அவசரம், வண்டியை எடுக்க இரண்டு நிமிஷம்தான். புளிக்காரர் குனிந்து நிரப்பி மேலே வைத்த குவளையை, அவர் எடுக்குமுன், "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லி டிரைவரே எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டார். அடுத்த நொடி கீழே துப்பினார்.

"என்னண்ணே இது, சுவத்துல போஸ்டர் ஒட்டற பசையா?"

டைம்கீப்பர் அந்தக் குவளையை வாங்கி மோந்து பார்த்தார். குனிந்து வண்டிக்குள் பார்த்துக் குடுவையை எடுத்து எல்லோருக்கும் தெரிய மேலே வைத்தார். இத்தனை நாள் கிண்டல் செய்த மனுஷனின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா? அப்ப பானையில என்ன இருக்கு?"

ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். டாக்டர் எனக்குக் கூடாது என்றார், அவ்வளவுதான். அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் குடித்து, என்று தொடங்கப்போகும் அடுத்த வாக்கியமும் அவருக்குக் கேட்டது. வாயை மூடிக்கொண்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், யாரும் போடவில்லை. அவர்களுக்காக வண்டியின் விளிம்பில் வரிசையாக மொண்டு வைத்திருந்த குவளைகளைத் தொடாமல் ஒவ்வொருவராகப் போனார்கள். ஏழாம் நம்பர் பஸ் கிளம்பிப் போயிற்று. ஒன்பது குவளைகள் தளும்பத் தளும்ப நின்றன.

அவருக்கு நெஞ்சு படபடத்தது. கால் இரண்டும் தன்னுடையதாகவே இல்லை. வண்டியைத் துணி போட்டு மூடிவிட்டு, தையல் கடைப் பக்கம் திரும்பாமல், பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். போக வேறு இடம் ஏது?

அங்கே போனதும் படுக்க வைத்துவிட்டார்கள். ஊசி, தண்ணீரில் கரைத்த ஏதோ பொடி, நெஞ்சில் ஒட்டிய கம்பிகள். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் வரவில்லையா என்று கேட்டார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்றார் புளிக்காரர்.

வார்டில் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். மணி அடித்ததும் செருப்புச் சத்தம் வெள்ளமாக வந்தது. வலப்பக்கக் கட்டிலுக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். இடப்பக்கக் கட்டிலைச் சுற்றி ஆறு பேர், உட்கார இடம் போதாமல், "பெரியவரே, இங்க யாராவது வராங்களா?" என்று கேட்டு அவர் பக்கத்து ஸ்டூலையும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். சுவரில் பச்சைப் பெயின்ட் உரிந்த இடம் ஒன்று இருந்தது. ஆறு மணி வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன இரண்டு மணி நேரம், அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவர் அதுவரை அறிந்ததில்லை.

மறுநாள் காலை, போனில் பேசிய அதே நர்ஸ் சீட்டோடு வந்தாள். வெளியில் வாங்க வேண்டிய மருந்து ஒன்று இருந்தது, மாற்றுத் துணியும் வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே சீட்டைப் பார்த்து அண்ணன் எண்ணை அழுத்தினாள். அழுத்தின மறுநொடி புளிக்காரரின் தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

அவர் அசையவில்லை. மணி விடாமல் அடித்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கையை விட்டு எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ," என்றார்.

நர்ஸின் காதிலும் போனில் அந்தக் குரல் விழுந்தது. அவள் போனை மெல்லக் கீழே இறக்கினாள்.

"நீங்கதான் அண்ணனா?"

"ஆமாம்மா," என்றார் புளிக்காரர், இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்காமல். "அவனுக்கு வேற யாரும் இல்ல."

அவளும் சின்னப் பெண்தான். முந்தாநாள் திட்டின நாலு வார்த்தை அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஸ்டூலைத் தேடினாள், அது பக்கத்துக் கட்டிலில் இருந்தது. நின்றபடியே 'அண்ணன்' என்று இருந்த கட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, வேறு யார் எண்ணாவது தெரியுமா என்று கேட்டாள். உறவாக இருக்க வேண்டாம், யாராவது இருந்தால் போதும் என்றாள்.

ஒரே ஓர் எண் அவருக்குத் தெரியும். அந்த எண்ணுக்கு அவர் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. கால்சட்டை குறைக்க, பிரிக்க, ஜிப் மாற்ற என்று எழுதி, கீழே பெரிய சிவப்பு எண்களில் எதிர்க்கடைப் பலகையில் இருப்பது. பதினொரு வருஷமாகக் கண்ணெதிரே தொங்குகிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொன்னார்.

தையல்காரம்மா நாலு மணி வரைக்கும் காத்திருக்கவில்லை. பன்னிரண்டுக்கே வந்து வாசல் காவலாளியிடம் சண்டை பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது, கழற்றக்கூட மறந்திருக்கிறாள். நர்ஸ் காகிதத்தை நீட்டி, உறவு என்ன எழுதுவது என்று கேட்டாள்.

"எதிர்க்கடை," என்றாள் தையல்காரம்மா.

"அப்படி ஒரு உறவு இதுல இல்லம்மா."

"இல்லன்னா சேத்துக்குங்க."

பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்த ஸ்டூலைக் கேட்காமலே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விஷயத்தை எல்லாம் நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள். விரலை நனைத்துப் பார்த்ததையும் தன் பயத்தையும் அவர் மெல்லச் சொன்னார்: புளிதான் கிட்னியைத் தின்றது என்று ஊர் சொல்லும், அப்புறம் யார் வருவார்கள்? அவள் சீறினாள்.

"எங்க வீட்ல ரெண்டு பேருக்கு டாக்டர் உப்பு கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அதுக்காகக் கடையில உப்பு விக்கறதை நிறுத்திட்டாங்களா? எனக்கு அதுகூடப் பெரிசில்ல புளிக்காரரே. பதினொரு வருஷமா எதிர்ல உக்காந்திருக்கேன். தினமும் விரலை நனைச்சு நக்கிக்கிட்டுச் சாகப் பாத்தீங்களே, எனக்கு நாக்கு இல்லையா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அதுதான் உண்மை. நாள் பூராவும் நூறு பேரோடு பேசுகிறவர், ஒருவரிடமாவது ஒன்றைக் கேட்டு வருஷக்கணக்காயிற்று. சுவர்ப் பக்கம் திரும்பினார். பச்சைப் பெயின்ட் கலங்கித் தெரிந்தது. போர்வை நுனியால் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதார். அவள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

பதினைந்து நாள் கழித்து, காலை ஆறே முக்காலுக்கு, மேற்கு வாசலில் சக்கரத்துக்குக் கல் வைத்தார் புளிக்காரர். வீக்கம் வடிந்து சட்டை தொளதொளவென்று இருந்தது. பஸ் நிலையம் முழுக்கத் தையல்காரம்மா சொல்லி முடித்திருந்தாள். அவள் சொல்லிக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. இருந்தும் பழைய கூட்டத்தில் பாதிதான் வந்தது. மீதிப் பேர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். டைம்கீப்பர் அவர் முகத்தைப் பார்க்காமல் வந்து, காற்றில் அவிழ்ந்த மேல்துணியைத் தானாகவே இழுத்துக் கட்டினார்.

மூன்று தடவை கலக்கினார். முதல் குவளையை மொண்டார். கை பழக்கத்தில் தன் வாய்ப்பக்கம் வந்தது, பாதியில் நின்றது, பிறகு எதிரே நீண்டது. தையல்காரம்மா வாங்கினாள். எல்லோரும் பார்க்க, அவசரமில்லாமல் குடித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அவர் நின்றார்.

"நிக்கல," என்றாள். "உக்காந்திருக்கு. இன்னும் ஒரு கை போடுங்க."

தூளைப் போட்டுக் கலக்கி மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை அவள் இடது கண் தானாக மூடியது, தோள் ஒருமுறை உதறியது. அவருக்கு நாக்கின் இரண்டு ஓரமும் சுரந்து வாய் நிறைந்தது. சத்தம் வராமல் விழுங்கிக்கொண்டார்.

"இப்ப நிக்குது," என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. புளிக்காரரின் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. பையில் அது சத்தமில்லாமல் கிடந்தது. தையல்காரம்மா குவளையை வண்டி மேல் வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

"ஆமா, எதிர்க்கடைதான் பேசறேன்," என்றாள். "இல்லைங்க, அவர் ஒரு சொட்டுக் குடிக்கல. நான் பக்கத்துலதான் நிக்கறேன்."

புளிக்காரர் அடுத்த குவளையை மொண்டு டைம்கீப்பரிடம் நீட்டினார்.